அறுபத்திரண்டு பேருக்கு ஒரு மனு

ஜூன் 1, ஞாயிறு

தாமிரக் கம்பி விற்கும் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பட்டறை மேஜையில் கிடந்து கரண்ட் பில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் திறக்கிறேன். பெயர் மந்திரமூர்த்தி, வயது ஐம்பத்தேழு, தென்காசியில் மோட்டார் காயில் கட்டுகிறவன் என்று முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. ரத்த வகை தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

எழுதுவதற்குக் காரணம், பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரம் என்னிடமிருந்து போய்விட்டது. காலை ஆறரைக்குப் பூப்பந்து. ஏழரைக்கு டீக்கடை பெஞ்ச். எட்டே கால் வரை பேச்சு. முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் போயிற்று. பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவன் கோமதிநாயகம். அவன் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. தொண்டை வறளச் சண்டை போட்டுவிட்டு ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். இந்தப் பிப்ரவரி நகராட்சித் தேர்தலோடு எல்லாம் முடிந்தது.

சாரல் பூப்பந்துக் கழகம் இரண்டாக உடைந்ததில் பாகப்பிரிவினை வேறு நடந்தது. வலை வாங்கியது எங்கள் ஆட்கள், அதனால் வலை எங்களுக்கு. கம்பம் இரண்டும் நாயகத்தின் ஆட்கள் செய்து போட்டது, அதனால் கம்பம் அவர்களுக்கு. ஆட்டம் முடிந்ததும் குழியிலிருந்து பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் காலையில் வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே வலையைக் கட்டுகிறோம். நடுவில் தொய்கிறது. அவர்கள் சாயங்காலம் கம்பத்தை நட்டுக் கொடிக்கயிறு கட்டி ஆடுகிறார்கள். பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று தினமும் தகராறாம். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆட வேண்டிய ஆட்டம். எங்களிடம் ஆறு பேர், அவர்களிடம் ஐந்து பேர். படித்தவர்களும் இதில் இருக்கிறார்கள்.

ஜூன் 4

சாரல் ஆரம்பித்துவிட்டது. கம்பளிப் பந்து ஒருமுறை நனைந்தால் அன்றைக்கு அது பந்து இல்லை, ஈரத்துணி. ஆட்டம் இல்லை.

ஜூன் 10

கீழப்புலியூருக்கு ஒரு மோட்டார் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினேன். மைதானம் வழியாகப் போனால் ரோடு நன்றாக இருக்கும்.

ஐந்து பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாயகம் முன்வரிசையில் நிற்கிறான், எப்போதும் போல இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து. அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் நிற்கிறான். நாயகம் ஒரு பந்தைத் தொடாமல் விட்டால் அது பின்னால் இருக்கிறவனுக்கு என்று அர்த்தம். அவன் தலையைக்கூடத் திருப்ப மாட்டான். பின்னால் நிற்கிறவனுக்கு அது தெரிய வேண்டும். அந்த ஆளுக்குத் தெரியவில்லை. மூன்று பந்து அப்படியே தரையில் விழுந்தது. மூன்றாவதற்கு நாயகம் திரும்பிப் பார்த்தான். அந்த ஆளைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.

நாயகத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். தாலுகா ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் மனு டைப் அடிக்கிறவன். முன்பு மெஷின், இப்போது கம்ப்யூட்டர். ஊரில் எல்லாருக்காகவும் 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று நாளைக்கு இருபது தடவை அடிக்கிறான். தனக்காக யாரிடமும் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அதில் அவனுக்குத் திமிர் உண்டு. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

என் மனைவி வடிவு போனில் இளவேனிலிடம் பேசிக்கொண்டிருந்தாள். இளவேனில் நாயகத்தின் ஒரே மகள், மதுரையில் வக்கீல். தாய் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பாவிடம் வந்துவிடுவாள். பிப்ரவரிக்குப் பிறகு வரவில்லை.

"அப்பாட்ட பேசுனியா தாயி?" என்றாள் வடிவு. அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பான்னாலே பேச்ச மாத்துதா. அந்த வீட்டுல அந்த மனுசன் மெஸ்ஸுச் சோத்தத் தின்னுக்கிட்டு ஒத்தையில கெடக்காரு. எல்லாம் நீங்க அன்னைக்கு எழுதுன ஒத்த வரியால."

தேர்தல் முடிவு வந்த அன்று கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வரி எழுதினேன். உண்மைதான். எல்லாரும் எழுதினார்கள். என்ன வரி என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சமாதானக் கூட்டம். கழகத்தின் பழைய தலைவர் கூட்டினார். மழை வருமென்று கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். அவர் ஒற்றுமையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பிறகு வடை வந்தது. வடை வரும்வரை யாரும் சண்டை போடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகு, கூட்டத்துக்கு முதலில் வந்தது எந்தக் கட்சி என்று ஆரம்பித்து, தலைவர் எந்தக் கட்சி என்பதில் வந்து நின்றது. அவர் கோபித்துக்கொண்டு குழுவிலிருந்து விலகினார். அவரோடு நாலு பேர் போய்த் தனிக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். சமாதானம் பேசப் போய் மூன்றாவது கட்சி பிறந்தது.

நாயகம் வரவில்லை. ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தேன், என் பையை வைக்க.

ஜூன் 29

சாரல். டீக்கடையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் முழுவதும் படித்தேன். திருமண விளம்பரம் உட்பட.

ஜூலை 6, ஞாயிறு

பக்கத்தில் எழுதிவிட்டால் மனசு விடும் என்கிறார்கள். சரி, எழுதுகிறேன்.

தேர்தல் முடிவு அன்று குழுவில் நாயகம் இப்படிப் போட்டான்: 'உங்கள் கட்சியே காலில் விழுகிற கட்சி. எவன் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவன் காலில் விழுவீர்கள்.' தோற்ற வயிற்றெரிச்சலில் போட்டது. அதற்கு நான், 'மகள் கேஸுக்காக எங்கள் ஆள் காலில் விழுந்து எழுந்தவன் பேசுகிற பேச்சா இது' என்று போட்டேன். அறுபத்திரண்டு பேர் இருக்கிற குழு. கால் மணி நேரத்தில் நானே அழித்துவிட்டேன். அதற்குள் படம் பிடித்துப் பத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இளவேனிலுக்கும் போயிற்று.

நடந்தது இது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, குளத்தை மூடிக் கட்டடம் கட்டப் போகிறார்கள் என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் மறியல் செய்தார்கள். இளவேனில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேஸ் போட்டுவிட்டார்கள். கேஸ் நிலுவையில் இருந்தால் அவள் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது என்று பயமுறுத்தினார்கள். எங்கள் கட்சியின் பெரியவர் ஒருவர் சொன்னால் கேஸ் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். அங்கே நாயகம் அவர் காலில் விழுந்தான். கேஸ் போயிற்று. யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். அவ்வளவுதான்.

பெரியவர் வீட்டில் மொசைக் தரை. வெள்ளையில் சின்னச் சின்னப் பச்சைக் கல், நடுநடுவே ஒரு பழுப்புக் கல். சித்திரை வெயிலிலும் எப்படிக் குளிர்ந்து கிடந்தது.

ஜூலை 13

வடிவு சொல்கிறாள், இளவேனில் அவள் அம்மா நினைவு நாளுக்கும் வரமாட்டாளாம். ஆகஸ்டு இருபத்து நாலு. நாயகம் திதி கொடுக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அந்த அம்மா படத்துக்கு முன்னால் ஒன்றும் வைக்காமல், அவள் செய்த மாதிரியே தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் இளவேனில் செய்வாள். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதுதான் திதி. ஒவ்வொரு வருஷமும் நாயகம் உப்புக் குறைச்சல் என்பான், பிறகு எழுந்து போய்க் கையை வெகுநேரம் கழுவுவான்.

"விழுந்ததுகூடப் பெருசில்லையாம் அவளுக்கு," என்றாள் வடிவு. "'நான் கோர்ட்டுல நிமிந்து நிக்கேன்னா எங்கப்பாவப் பாத்துத்தான் அத்தை'ங்கா. 'ஒன்பது வருசமா எங்கிட்ட நிமிந்த மாதிரி நடிச்சிருக்காரு'ங்கா. விழுந்தீங்களான்னு நேருல கேட்டாளாம். கேக்காதன்னு மட்டும் சொன்னாராம். இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அந்த அண்ணன்?"

எனக்குப் பட்டறையில் வேலை இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

மருந்துக்கடை பீர்முகமது எங்கள் அணி. ஆனால் நாயகத்திடமும் பேசுகிற ஒரே ஆள். இன்று மழை விட்ட நேரத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, நேத்து நாயகம் அண்ணாச்சிட்ட கேட்டுட்டேன். நீங்க நெசமாவே விழுந்தீயளான்னு."

"என்ன சொன்னான்?"

"குரூப்புல போட்டாச்சுல்ல, அப்படியே இருக்கட்டும்னாரு. மவ வாராளான்னேன். மழையப் பாத்தாரு."

ஜூலை 23

ஆய்க்குடிக்காரர் மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். தலைகீழாகச் சுற்றுகிறதாம், தண்ணீர் ஏறவில்லையாம். கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. "வயசாயிட்டோ?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதவில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஜூலை ஆறாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம்.

காலில் விழுந்தது நாயகம் இல்லை. நான்.

இதை எழுதிவிட்டு டைரியை மூடி, பட்டறைக் கதவையும் மூடிவிட்டு, மறுபடி திறந்து உட்கார்ந்திருக்கிறேன். முழுவதும் எழுதிவிடுகிறேன்.

நாயகம் அந்த வீட்டுக் கேட்டுக்குள் வரவே இல்லை. நான்தான் வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டு வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் வரலல. எம்மவ தப்புச் செய்யல," என்றான். நான் உள்ளே போனேன். பெரியவர் ஊஞ்சலில் இருந்தார். என் கட்சிதான், எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தார். "அந்த ஆள உள்ள வந்து கேக்கச் சொல்லும், செய்வோம்," என்றார். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். வந்தால் அவன் அதற்கப்புறம் நாயகம் இல்லை. பிள்ளையின் படிப்போ போகப் போகிறது. தோளில் தூக்கித் தேர் காட்டிய பிள்ளை. யோசித்துச் செய்யவில்லை. பெரியவரின் காலடியில் விழுந்துவிட்டேன். நெற்றி தரையில் பட்டது. அப்போதுதான் அந்தப் பச்சைக் கல்லையெல்லாம் பார்த்தேன்.

எழுந்து திரும்பியபோது நாயகம் கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் திரும்பினோம். ரயில்வே கேட்டில் நின்றபோது நான்தான் சொன்னேன்: "இத யாருட்டயும் சொல்லிராதல. வடிவுக்குக்கூடத் தெரியக்கூடாது." பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தோளில் கையை வைத்தான். அதுதான் வாக்கு. வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

பிப்ரவரியில் அவன் 'காலில் விழுகிற கட்சி' என்று போட்டதும், ஒன்பது வருஷம் வைத்திருந்த ரகசியத்தை எடுத்து என் முகத்தில் எறிகிறான் என்றே எனக்குப் பட்டது. கட்சியைச் சொல்கிறான் என்று தோன்றவில்லை. அத்தனை பேருக்கு நடுவே நான் மட்டும் தரையில் கிடக்கிற மாதிரி இருந்தது. அதைத் தூக்கி அவன் தலையில் போட்டேன்.

அவன் ஒரு வரி போட்டிருக்கலாம். 'விழுந்தது நீ' என்று இரண்டு வார்த்தை. மகள் நேரில் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். ஆறு மாதமாக மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அவனை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்போலவும் இருக்கிறது.

ஆகஸ்டு 6

குழுவில் உண்மையைப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு முறை எழுதி நாலு முறை அழித்தேன். ஒருமுறை எழுதியது கட்சி அறிக்கை மாதிரி இருந்தது. ஒருமுறை என்னை நானே புகழ்ந்துகொண்டது மாதிரி. குழுவில் என் கட்சிக்காரர்கள் இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள். நாளைக்கு மோட்டாரைக் கொண்டுவருகிறவன் என் நெற்றியைப் பார்ப்பான்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

வடிவிடம் சொல்லிவிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அன்னைக்குக் காலைல நீங்க பூசிட்டுப் போன திருநீறு, திரும்பி வரும்போது நடு நெத்தியில மட்டும் இல்ல," என்றாள். "வேர்வையில போயிருக்கும்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைக்காக விழுந்தது எனக்குக் கேவலமாத் தெரியல. அத அந்த அண்ணன் தலையில போட்டீங்க பாத்தீங்களா, அதான்," என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போனாள்.

ஆகஸ்டு 18, திங்கள்

இன்று பட்டறையைத் திறக்கவில்லை. பத்தரைக்குத் தாலுகா ஆபீஸ் எதிரே போனேன். புளியமரத்தடியில் நாயகத்துக்கு முன்னால் மூன்று பேர் வரிசை. நானும் நின்றேன். முதியோர் பென்ஷன் ஒன்று, பட்டா மாறுதல் ஒன்று, குடிதண்ணீர் ஒன்று. என் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவனுக்கு ஒரு விதி உண்டு: அந்த ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் மனு அடித்துக் கொடுப்பான். எதிரிக் கட்சிக் கவுன்சிலருக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறான்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன மனு வேணும் உங்களுக்கு?" என்றான்.

முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக என்னை 'நீங்க' என்கிறான். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"ஒரு பொது மனு," என்றேன்.

"அனுப்புநர் பேரு சொல்லுங்க."

"மந்திரமூர்த்தி."

"தகப்பனார் பேரு?"

அவனுக்குத் தெரியாதா? என் அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய நாலு தோளில் ஒன்று அவனுடையது. சொன்னேன். அடித்தான்.

"பெறுநர்?"

"சாரல் பூப்பந்துக் கழக உறுப்பினர் அறுபத்திரண்டு பேரு. மதுரை வழக்கறிஞர் இளவேனில்."

விரல் நின்றது. பிறகு அடித்தான். "பொருள்?"

"பிப்ரவரி மாசம் நான் எழுதுன பொய்யத் திருத்துறது."

"மேல சொல்லுங்க."

சொன்னேன். மறியல், கேஸ், பெரியவர் வீடு, கேட்டு. நாயகம் கேட்டுக்குள் ஒரு காலைக்கூட வைக்கவில்லை என்பதைச் சொன்னேன். ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தான். "அங்கே காலில் விழுந்தவன் நான்" என்று சொன்னதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எனக்குப் பின்னால் நின்ற அம்மா கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏல," என்றான். "இத நான் அடிக்க மாட்டேன்."

அந்த 'ஏல'யைக் கேட்டு ஆறு மாதமாயிற்று.

"யாரு உக்காந்தாலும் அடிப்பேன்னு சொன்ன ஆளு நீதான?"

"யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு ஒனக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கு வாங்குனவனே வந்து கேக்கேன். அடி."

மரத்திலிருந்து பழைய மழைத் தண்ணீர் கம்ப்யூட்டர் மேல் விரித்த பிளாஸ்டிக் தாளில் சொட்டியது. "அன்னைக்கு நான் ஒன்னச் சொல்லலல," என்றான். "கட்சியச் சொன்னேன். போட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் ஒனக்கு எப்படி இருக்கும்னு ஒறச்சுது. அழிக்கப் போனேன். அதுக்குள்ள ஒன் வரி வந்துட்டு."

"நீயாவது வேனிலுகிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல? ஒனக்காக ஒருத்தன் விழுந்தான், நான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிமிந்து நின்னேன்னா? எனக்கு அது பெருமையாத் தெரியலல. இந்த ஒன்பது வருசத்துல ஒருநாளும் தெரியல."

அவனே விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனான். தொழில்காரன் குரலில் கேட்டான்:

"'விழுந்தேன்'னு போடவா, 'விழ நேர்ந்தது'ன்னு போடவா? மனுவுல 'நேர்ந்தது'ன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

"விழுந்தேன்னே போடு."

போட்டான். வருந்துகிறேன் என்பதை நான் மூன்று இடத்தில் சொல்லியிருந்தேன். இரண்டை எடுத்துவிட்டான். "ஒரு தடவ சொன்னாத்தான் மனு நிக்கும்," என்றான். தாளை எடுத்துக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது, அடுத்த ஆளைப் பார்த்து, "வாங்கம்மா," என்றான்.

மனுவைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். இளவேனிலுக்குத் தனியாக அனுப்பினேன்.

ஆகஸ்டு 19

ஐம்பத்துநாலு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மத்தியானம் என் கட்சிக்காரர் ஒருவர், பெரியவர் பெயருக்குக் களங்கம் என்று போட்டுவிட்டு விலகினார். அவர்கள் பக்கத்தில் ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். பீர்முகமது ஒரு கும்பிடு போட்டான். அதோடு சரி.

இளவேனில் பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்டு 21

பதில் இல்லை. இரண்டு மோட்டார் வந்தது.

ஆகஸ்டு 22, வெள்ளி

மத்தியானம் போன் வந்தது. கையில் வார்னிஷ், துடைக்காமலே எடுத்தேன்.

"மாமா," என்றாள். பின்னால் கோர்ட்டுச் சத்தம்.

"சொல்லு தாயி."

"ஒங்க மேல எனக்குக் கோவம் போகல மாமா."

"போக வேண்டாம்."

"எனக்காக ஒருத்தர் விழுந்திருக்காங்கன்னு தெரியாமலே இத்தன வருசம் வாதாடிக்கிட்டு இருந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் கேக்கல."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பிடிபடவில்லை. "ஞாயித்துக்கெழம வாரேன்," என்றாள். "அப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

ஆகஸ்டு 24, ஞாயிறு

தேங்காய் துருவ ஆள் வேண்டும் என்று இளவேனில் காலையிலேயே வடிவைக் கூப்பிட்டுவிட்டாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் நினைக்கவும் இல்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமைதானே என்று. மூன்று தெரு தள்ளித்தான் அவன் வீடு. பன்னிரண்டு மணிக்கு எங்கள் வாசலில் நின்றேன். ஒரு மணிக்கும் நின்றேன். சொதி கொதிக்கிற வாசம் மூன்று தெரு தாண்டி வராது, அது எனக்குத் தெரியும்.

இரண்டரைக்கு வடிவு தூக்குவாளியோடு வந்தாள். சொதி, மேலே ஒரு கிண்ணத்தில் இஞ்சித் துவையல்.

"அண்ணன்தான் ஊத்துனாரு. போதும்னேன். இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துனாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"உப்புக் கொறச்சல்னாரு. அப்பறம் கை கழுவப் போனாரு. அந்தப் பிள்ளையும் பின்னாலயே போச்சு."

தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்டு 31

காற்று திரும்பிவிட்டது. சாரல் முடியப் போகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

யார் ஏற்பாடு என்று எல்லாருக்கும் தெரியும், பீர்முகமது மட்டும் அது தன் வேலை இல்லை என்கிறான். காலை ஆறேகாலுக்கு நாங்கள் வலையோடு போனபோது கம்பம் இரண்டும் குழியில் நின்றுகொண்டிருந்தன. ஐந்து பேரும் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வலையை எடுத்துப்போய்க் கம்பத்தில் கட்டினோம். நடுவில் தொய்யாமல் நின்றது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாகப் பக்கத்துக்கு ஐந்து பேர். யார் எந்தப் பக்கம் என்று வந்தது. நான் பழக்கத்தில் பின்வரிசையில் என் இடத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த இடத்தை விட்டுவிட்டு நாயகம் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டான்.

வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை. எத்தனை மாதம் அந்த முதுகுக்காகக் காத்திருந்தேன்.

சர்வீஸ் அவனுக்கு. பந்தைக் கையில் உருட்டினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான், நேராக. முப்பத்தோரு வருஷம் ஒரே பக்கம் ஆடியவர்கள் நாங்கள். மைதானத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். அடித்தான். அந்தப் பந்து எத்தனையோ எதிராளிகளை ஏமாற்றியதைப் பின்னால் நின்று ரசித்திருக்கிறேன். வலையைத் தாண்டியதும் வெட்டித் திரும்பியது. மட்டையைக் காற்றில் வீசினேன்.

"இத்தன வருசம் பின்னால நின்னு என்னத்தலப் பாத்த?" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.

"இன்னொண்ணு போடு," என்றேன்.

முப்பத்தைந்துக்கு இருபத்தொன்று. தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் டீக்கடைக்கு வந்து, பெஞ்சில் ஒரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து டீ குடித்தேன்.

செப்டம்பர் 10

கம்பத்தை இப்போது யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பட்டறைக்கு வர நேரமாகிவிட்டது. பெஞ்சின் அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தவன், 'ஒங்க கட்சி' என்று ஆரம்பித்தான். ஒன்பது மணிவரை விடவில்லை. எழுத ஒன்றும் மிச்சமில்லை.